நீலக் குழாய், ஊதாக் குழாய்

புல்லுக்குக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டால் அது நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும். இதைச் சொன்னால் என் மனைவி, "எங்களைப் பத்தி என்னைக்காவது இப்படிப் பேசியிருக்கீங்களா?" என்பாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பதினொரு வருடமாக இந்தக் கால்பந்து மைதானத்தைப் பராமரிக்கிறேன். போன வருடம் மண்ணுக்குள் ஈரம் அளக்கும் கருவிகளைப் புதைத்தார்கள். மண் காய்ந்தால் பம்பு தானாக ஓடும். எத்தனை லிட்டர் போனது என்று செல்போனில் வரும். நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். கூடவே ஒரு விதியும் வந்தது. நீலக் குழாயில் வரும் நல்ல தண்ணீர் ஆட்டக்காரர்கள் குடிக்க. ஊதாக் குழாயில் வரும், சாக்கடையிலிருந்து சுத்திகரித்த தண்ணீர் புல்லுக்கு.

இரண்டே மாதத்தில் வடக்கு கோல் பக்கம் புல் மஞ்சளித்தது. தண்ணீரில் உப்பு. மேலாளரிடம் போனேன். அவர் செல்போனைக் காட்டினார்.

"எல்லாம் பச்சையாத்தானே காட்டுது?"

"போன்ல பச்சைதான் சார். தரையைப் பாருங்க."

"தரையை யாருய்யா பாக்குறா?"

நான்தான் பார்த்தேன். ஒரு ஞாயிறு மதியம் இரண்டு குழாய்களையும் இடம் மாற்றி இணைத்தேன். ஊதாவுக்கு நீலமும் நீலத்துக்கு ஊதாவுமாகப் பெயிண்டும் அடித்தேன். மீட்டருக்கு முன்னாலேயே மாற்றியதால் லிட்டர் இம்மியும் பிசகவில்லை. கருவிக்கு அளவு தெரியும், ருசி தெரியாது.

மூன்று வாரத்தில் புல் பிழைத்துக்கொண்டது. கோல்கீப்பர் என் மனைவியின் தம்பி. கம்பத்தில் தொங்கியே பழகியவன் என்பதால் அவனுக்குக் குரங்கு என்று பெயர்.

"மாமா, தரை மெத்தை மாதிரி இருக்கு. விழுந்தா எழுந்திரிக்கவே மனசு வரல."

"அதான் கோல் வாங்கிட்டே இருக்கியா?"

சிரித்தான். குழாயடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். "தண்ணிதான் ஒரு மாதிரி இருக்கு மாமா."

"ஓடிட்டு வந்தா வாய் அப்படித்தான் இருக்கும். குடிடா."

குடித்தான். என் பேச்சைத் தட்டமாட்டான். எனக்கு வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் வந்துவிடும்.

போன வாரம் முப்பத்தொரு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நேற்றிலிருந்து முப்பது பேர்; குரங்கின் கட்டில் காலி. என் மனைவி என்னோடு பேசுவதில்லை. கோபம் தணிந்தால் வடக்கு கோல் பக்கம் அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். தம்பிக்குப் பிடித்த இடம்.

தெரிந்தேதான் செய்தாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் யாருக்கும் நான் கெடுதல் நினைத்தவன் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். குழாய்களைப் பழையபடி மாற்றப்போகிறார்களாம். பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்கள். குரங்கு விழுந்து விழுந்து பெயர்த்த இடத்தில் இப்போதுதான் புது வேர் பிடிக்கிறது.