கோபக்காரப் பூனையின் சொந்தக்காரன்

எனக்குப் பூனை என்றாலே ஆகாது, சார். என் தங்கை வரைந்த பூனையை மட்டும் பிடித்திருந்தது. எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் குண்டுப் பூனை. டேப்லெட்டில் வரைந்து வரைந்து சேர்த்துவைத்து, யாருக்கும் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பிழைக்கத் தெரியாதவள். நான்தான் அந்தப் படங்களை என்.எஃப்.டி. ஆக்கினேன். இன்ன படம் இன்னாருடையது என்று இணையத்தில் பதிந்து, அந்தப் பதிவை டோக்கன் என்று விற்பது. அவளைக் கேட்கவில்லை. கூடப்பிறந்தவளிடம் என்ன அனுமதி?

ஒரு பொம்மைக் கம்பெனிக்காரர் மொத்தமாக வாங்கினார். பூனைப் பொம்மை கடைக்கு வந்த பிறகுதான் இவளுக்கு விஷயம் தெரிந்தது. உடனே அவருக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டாள். சொந்த அண்ணனைத் திருடன் என்று அதில் எழுதியிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொம்மைக்காரரோ, என் மேல் வழக்குப் போடுவேன் என்று குதித்தார்.

வக்கீலிடம் போனேன்.

“டோக்கன் வெறும் ரசீது மாதிரிங்க. படத்தோட காப்புரிமை வரைஞ்சவங்ககிட்டயேதான் இருக்கும். அவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் மாறும்.”

“அவ போடமாட்டேன்னா?”

“அவங்க காலத்துக்கு அப்புறம் வாரிசுக்குப் போகும். கல்யாணம் ஆகலை, அப்பா அம்மா இல்லை. நீங்கதான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலமே பத்திரத்தோடு அவள் அறைக்குப் போனேன். நல்லபடியாகத்தான் பேசினேன்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேண்ணா. இப்ப தரமாட்டேன்.”

கத்திக் கத்தி அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மேஜையிலிருந்த இன்ஹேலரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன். ஒரே ஒரு கையெழுத்து. அவள் பேனாவைத் தொடவே இல்லை, என் சட்டையைத்தான் பிடித்து இழுத்தாள். அவ்வளவு பிடிவாதம். அப்போதும் நான் அவள்மேல் கை வைக்கவில்லை, சார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன், அவள் அடங்கும்வரை.

கொன்றவனுக்கு வாரிசுரிமை கிடையாது என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு இது புதுச் செய்தி. அந்த வக்கீல் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் நான் இன்ஹேலரைக் கொடுத்திருப்பேன். என் தங்கையைக் கொன்றது அந்த ஆள்தான். அவரை விட்டுவிட்டு என்னைப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.