ஃபர்னஸ் ரூம் கதவு

– கதவத் தெறன்னு நான் சொல்லல அமுதா. தாழ்ப்பாள மட்டும் எடு. பேசலாம்.

– தாழ்ப்பாள எடுத்தா அதுக்குப் பேரு என்ன நந்து? அங்கயே நின்னு பேசு. நல்லாத்தான் கேக்குது.

– வராண்டா பூரா ஆளுக நிக்கறாங்க. பிஎச்டி பண்ற பசங்க அத்தன பேரும். ஒருத்தனும் என்ற மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கறான். பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, ஆறு மணிக்கு வெளிய போவோணுமேன்னு கறுவிக்கிட்டு நிக்கறானுங்க.

– நிக்கட்டும். இத்தன வருசமா பொண்ணுக நாங்க ஆறு மணிக்குப் பைய மாட்டிக்கிட்டுப் போனமே, அப்ப எவனாச்சும் கறுவுனானா?

– ஒண்ணு சொல்றேன் கேளு. கோவத்தப் பொறவு பாத்துக்கலாம். இன்னும் சித்த நேரந்தான் இருக்குது. ஆறானதும் ஆபீஸ்ல இருந்து ஆளு வந்து இந்த விங்குக்கே கரண்ட் மெயின இறக்கிருவாங்க. ஆம்பள பொம்பள பேதமில்ல, எல்லாரும் வெளிய, லேப்புக்குப் பூட்டு. இன்னையில இருந்து ரிஜிஸ்ட்ரார் ஆர்டர்.

– நாம கேட்டது அதா? பொண்ணுகளையும் ராத்திரி லேப்ல இருக்க உடுங்கன்னுதான கேட்டோம்.

– அத அவங்க லாஜிக்கா முடிச்சுட்டாங்க. சமமா நடத்தச் சொன்னீங்க, இந்தா சமம்.

– உனக்குச் சிரிப்பு வேற வருதா?

– சிரிக்கல அமுதா. நம்ம ‘சரிபாதி’ குழுவுக்குப் பேரு வெச்சவன் நான். மனு எழுதுனவன் நான். உன்ற பேர ஒருங்கிணைப்பாளர்னு போட்டவனும் நான்தான். என்ற மெஷர்மெண்ட்டும் ராத்திரி வேலதான், இனி அதுவும் நின்னுரும். பெல்லோஷிப் இந்த செமஸ்டரோட முடியுது. எடப்பாடியில அப்பா தறிச் சத்தத்துக்கு நடுவுல போன்ல கத்திக் கேக்கறாரு, எப்பத்தான் சாமி முடிப்பேன்னு. நான் என்னன்னு சொல்லுவேன்?

– எனக்கும் அதே கேள்விதான் போன்ல வருது. கூடவே மாப்பிள்ள போட்டோவும் வருது.

– சரி, ஃபர்னஸ் இப்ப எத்தன டிகிரியில இருக்குது?

– அத நான் பாத்துக்கறேன். நீ வந்த சேதியச் சொல்லு.

– உனக்குத் தெரியாததில்ல. இன்னும் இந்த ஒரு ராத்திரி, ஃபர்னஸுக்குள்ள நீ வளத்த அந்தக் கிரிஸ்டல் மெல்ல மெல்ல ஆறோணும். மெயினு நின்னு வெடுக்குனு ஆறுச்சுன்னா விரிசல் உட்டுரும். போன தடவையும் அப்படித்தான் போச்சு, அதுக்கு முந்துன தடவையும் அப்படித்தான். இந்தத் தடவதான் கண்ணாடியாட்டம் வந்திருக்குதுன்னு நீயே சின்னப் புள்ளையாட்டம் குதிச்ச. இது கைக்கு வந்துட்டா உன்ற தீசிஸே முடிஞ்சுது.

– சரி. அதுக்கு?

– கைடு ஒரு வழி சொல்லியனுப்பியிருக்காரு. கோவப்படாமக் கேளு. மனுவ வாபஸ் வாங்கறோம்னு ஒரு கையெழுத்து. போட்டா இன்னைக்கே ஆர்டர நிறுத்தி வெச்சிருவாங்க. எல்லாம் பழையபடி ஆயிரும்.

– பழையபடின்னா?

– பழையபடின்னா... பசங்க ராத்திரி இருக்கலாம்.

– நாங்க?

– நீ ஹாஸ்டலுக்குப் போ. உன்ற ஃபர்னஸ நான் உக்காந்து பாத்துக்கறேன். கண்ண மூட மாட்டேன். எத்தன ராத்திரி அப்படிப் பாத்திருக்கறேன், உனக்குத் தெரியாதா?

– தெரியும் நந்து. மொதப் பேப்பர் வந்தன்னைக்கே நல்லாத் தெரிஞ்சுது. பவுடர் அரச்சவ நான். டியூப்ப சீல் பண்றேன்னு கையச் சுட்டுக்கிட்டவ நான். ராத்திரி ரீடிங் எழுதுனவன்னு உன்ற பேரு மொதல்ல வந்துது.

– நானா போடச் சொன்னேன்? கைடு போட்டாரு.

– வேண்டாம்னு நீ சொல்லல.

– தம்பி, சித்த நவுருங்க. அமுதா கண்ணு, நாந்தான், சாரதாமணி. ஹாஸ்டல் வார்டன் வந்திருக்கறான்னு நெனைக்காத. அக்கா வந்திருக்கறேன்னு நெனச்சுக்க.

– உங்களையும் அனுப்பிச்சுட்டாங்களாக்கா?

– அனுப்பாம இருப்பாங்களா சாமி? பொழுதோட ஒரு புள்ள உள்ள வல்லீன்னா என்ற வேலதான போவும். வெண்ணந்தூர்ல இருந்து உன்ற அம்மா போன் மேல போன் பண்றாங்க. ஆரோ சொல்லிப்போட்டாங்களாட்டம் இருக்குது, உங்க புள்ள ஆம்பளப் பசங்களோட ராத்திரி தங்கறேன்னு அடம் புடிக்குதுன்னு.

– யாருக்கா அப்படிச் சொன்னது?

– பேரு சொல்லலியாம் கண்ணு. உன்ற அப்பா பஸ் ஏறிட்டாராம். பொட்டியோட ஊட்டுக்குக் கூட்டிப் போறாராம். மறைக்கக் கூடாதில்ல, அதான் சொல்றேன்.

– வரட்டுங்க்கா.

– அழுவறியா சாமி?

– இல்லீங்க்கா.

– குரலு கம்முதே. தண்ணி கொண்டாந்திருக்கறேன், சன்னல் வழியாக் குடுக்கட்டுமா? அந்த ரூம்பு அடுப்பாட்டம் வேவுமே.

– வேண்டாங்க்கா. இன்னைக்கு அவ்வளவு வேக்காடு இல்ல. நீங்க போங்க. என்னால உங்களுக்குப் பொல்லாப்பு வேண்டாம்.

– எனக்கென்ன, பொல்லாப்பு புதுசா? தெனமும் கேட்டப் பூட்டறப்ப வெள்ளக் கோட்டக் கையில சுருட்டிக்கிட்டு நீங்க மூச்சு வாங்க ஓடியாருவீங்க. வெஞ்சு திட்டித்தான் உள்ள உடுவேன். எதுக்கு இப்படி ஓடியாருதுகன்னு ஒரு நா கூடக் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன் கண்ணு. அந்தக் கல்லுல அப்படி என்னதான் இருக்குது?

– எக்ஸ்ரே பட்டா மினுங்குங்க்கா. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கற மெஷின்ல வெக்கலாம். நல்லா வளந்து வந்தா.

– அப்ப ஒரு கையெழுத்தப் போட்டுக் காப்பாத்திக்க சாமி. அது போச்சுன்னா நீயும் உன்ற அப்பாவோட போயிருவ. பொறவு ஆருக்கு என்ன லாவம்?

– அக்கா சொல்றதக் கேளு அமுதா. நம்ம குழுவுல மத்த மூணு பேரும் மத்தியானம் போட்டுட்டாங்க. அறிவழகன், அபிநயா, மலர்விழி.

– மலருமா?

– அழுதுக்கிட்டே போட்டா. அடுத்த மாசம் அவளுக்கு வைவா. உன்ற கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. ஒருங்கிணைப்பாளர் போடாம வாபஸ் செல்லாதாம்.

– நீ போட்டுட்டியா?

– அத உடு, இப்ப உன்றதுதான் பாக்கி.

– நந்து, உன்னத்தான் கேக்கறேன்.

– மொத ஆளா நான்தான் போட்டேன். உனக்காகத்தான் போட்டேன் அமுதா. இந்த ஃபர்னஸுக்காக. எனக்கு வேற வழி தெரியல.

– பனமரத்துப்பட்டி ஸ்கூலுக்குப் போனமே, ஞாபகம் இருக்குதா? நாம அஞ்சு பேரும் டெலஸ்கோப்பத் தூக்கிட்டுப் போனோம். பொண்ணுகளும் இயற்பியலுக்கு வரோணும்னு நீ மைக்குல பேசுன. பயங்கரக் கைதட்டு.

– அது எதுக்கு இப்ப?

– டெலஸ்கோப்ப வெச்சுக்கிட்டு என்னத்தக் காட்டுனோம்?

– சூரியனக் காட்டுனோம். ஃபில்டர் போட்டு.

– சூரியனத்தான காட்ட முடிஞ்சுது. இருட்டறதுக்குள்ள நாங்க மூணு பேரும் ஹாஸ்டல்ல இருக்கோணுமே. நிலான்னு ஒரு புள்ள, எட்டாவது. எல்லாரும் போன பொறவும் நின்னுக்கிட்டு இருந்தா. ‘நட்சத்திரம் எப்பக்கா காட்டுவீங்க’ன்னு கேட்டா. அடுத்த தடவ ராத்திரியில வாரோம் சாமின்னு சொல்லிட்டு வேன்ல ஏறிட்டேன். வழி பூரா, கேட்டுப் பூட்டறதுக்குள்ள போங்கண்ணான்னு டிரைவர வெரட்டிக்கிட்டே வந்தேன். வெக்கமா இருந்துது நந்து. நாம மனு எழுதுனது அன்னைக்குத்தான்.

– தெரியும். நானும் அதே வேன்லதான் இருந்தேன். அதுக்காக உன்ற உழைப்பு அத்தனையும் எரிச்சுப் போடுவியா? லாஜிக்கா ரோசன பண்ணு. மொதல்ல டாக்டர் பட்டம் வாங்கு. பொறவு வந்து சண்ட போடு. அப்ப உன்ற பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும். இப்ப நீ யாரு?

– இதையேதான் கைடு காத்தால அவரு ரூம்ல வெச்சு எங்கிட்டச் சொன்னாரு. ஒரு வார்த்த மாறல. கிரிஸ்டல் வேணுமா மனு வேணுமான்னு கேட்டாரு.

– நீ என்ன சொன்ன?

– ரோசன பண்ணிச் சொல்றேன்னு வந்துட்டேன்.

– பண்ணுனது போதும். காயிதத்தக் கதவுக்கு அடியில தள்ளறேன், பேனாவும் வருது. ஸ்விட்ச் போர்டுகிட்ட ஆளு வந்து நின்னுட்டாரு அமுதா. வாட்ச்சப் பாக்கறாரு. சாரதாக்கா மாதிரி நல்லவரு, ரண்டு நிமிசம் பொறுப்பாரு, அதுக்கு மேல அவராலயும் முடியாது. கெஞ்சிக் கேக்கறேன். கால்ல உழுவோணுமா? இந்தா, உழுந்துட்டேன்.

– எந்திரி நந்து. பசங்க பாக்கறாங்க.

– பாக்கட்டும். அது உன்றது மட்டுமில்ல. மாரியம்மன் நோம்பிக்குக் கூட ஊருக்குப் போவாம நான் அதுகூட உக்காந்திருக்கறேன். என்ற பேர எந்தப் பேப்பர்லயும் போட வேண்டாம், அடிச்சுப் போடு. அத மட்டும் சாவ உட்டுராத.

– தம்பி, எந்திரிங்க சாமி. மண்டி போட்டுக்கிட்டு... ஏங்கண்ணு அமுதா, உனக்கு மனசே எளகலியா? இந்தத் தம்பி அழுவுது.

– கேக்குதுங்க்கா. நந்து, உன்ற கை இப்ப எங்க இருக்குது?

– கதவு மேல.

– எப்பவும் இந்த இரும்புக் கதவத் தொட்டா எப்படி இருக்கும்?

– வெதுவெதுன்னு இருக்கும். அடமழையில கூட... அமுதா. அமுதா, இது ஏன் சில்லுனு இருக்குது?

– மெயின இறக்க வந்தவரப் போச் சொல்லு, அவருக்கு இங்க வேலையில்ல. கைடு ரூம்ல இருந்து வந்ததும் நானே என்ற கையால ஃபர்னஸ நிறுத்திட்டேன். குறுக்கால விரிசல் உட்டு அது என்ற மடியில கெடக்குது, இனி எதக் காட்டி எங்கிட்டக் கையெழுத்துக் கேப்பீங்க?