கடற்பாசி தடவிய துணி

— உண்மையைச் சொல்லுடா தம்பி. கழிவுத் தண்ணியை ஊத்துறதுக்கு முன்னாடி என் வடிகட்டுற துணியை நல்ல தண்ணியில நனைச்சியா இல்லியா?

— நனைச்சேன்க்கா. வந்ததும் வராததுமா விசாரணையா? முதல்ல உக்காரு.

— காஞ்ச துணியில எண்ணெய் பட்டா உறிஞ்சிக்கும்டா, அப்புறம் அது அடுப்புத் துடைக்கத்தான் ஆகும். நனைஞ்சிருந்தாத்தான் தண்ணியை விட்டுட்டு எண்ணெயை மேலயே நிறுத்தும். சரி, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வந்தாரா? ஷெட்டைப் பூட்டிடுவாங்களா?

— வந்தார். அவர் கண்ணு முன்னாடியே லாரி கழுவின தண்ணியை ஊத்தினேன். டீசலும் கிரீஸுமா, கருகருன்னு! கீழ பாத்திரத்துல பளிச்சுனு விழுந்துச்சு பாத்துக்க. மனுஷன் நம்பல. அடியில ஏதாவது குழாயை ஒளிச்சு வச்சிருக்கேனான்னு குனிஞ்சு வேற பாத்தார்.

— ஐயோ! அப்புறம்?

— அவரே ஒரு வாளி மொண்டு ஊத்தினார். அதே பளிச்சு. கருவி வச்சு அளந்தார், ஷெட்டை நடத்திக்கன்னு கையெழுத்துப் போட்டார். யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டார் பாத்துக்க, எங்க அக்கான்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பிளாஸ்டிக்கே கிடையாது சார், பருத்தித் துணியில கடற்பாசிப் பசை, மண்ணுல போட்டா மக்கிடும்னு நீ சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பிச்சுட்டேன். ஏன்க்கா, சிரிக்க மாட்டேங்கிற?

— பெருமையாத்தான்டா இருக்கு. ஆனா எங்க லேப்ல இந்தத் துணி ஆராய்ச்சியையே மூடப் போறாங்க.

— எதுக்கு? நல்லாத்தானே வேலை செய்யுது!

— வேலை செய்யுதாம். "ஆனா அது உங்க கைக்கு மட்டும்தான் வருது மேடம், வெளியில ஒருத்தராலயும் செய்ய முடியாது. அப்படி ஒரு பொருளால ஊருக்கு என்ன பிரயோஜனம்"னு டைரக்டர் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். நாலு வருஷம்டா! திங்கக்கிழமை கடைசியா ஒரு தடவை பேச விடுறாங்க. என்னத்தைச் சொல்ல? எனக்கே அவர் சொல்றது சரிதானோன்னு தோணுது.

— அழாதக்கா.

— நான் எங்க அழுதேன்? அந்தத் துணியைக் கொண்டா, பாப்போம். இதென்னடா, பூப்போட்ட துணி? ஓரமெல்லாம் கோணலா இருக்கு! நான் குடுத்த மூணும் வெள்ளையாச்சே?

— திட்டக் கூடாது. நீ குடுத்த மூணையும் நான் நனைக்காமப் போட்டு அன்னிக்கே பாழாக்கிட்டேன். ஆபீசர் ஊத்திப் பாத்தது இதுலதான். இது, நீ போன்ல பேசி அனுப்பினதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இதே ஷெட்டுல நானே பசை கரைச்சுத் தடவினதுக்கா.