சிவப்புப் பெயர்

— சன்னாசி! அந்த பிரஷ்ஷைக் கீழ வெச்சிட்டு இங்க வா. என் மகன் கல்லறைக் கல்லைப் பாரு. நல்லாப் பாரு.

— பார்த்தேன் தவுக்கேசோ. பளபளன்னு இருக்கு முதலாளியம்மா.

— பளபளப்பு கிடக்கட்டும். இந்தப் பக்கம் என் மகன் பேரு, தங்கக் கலர். சரி, அவன் போய் நாலு வருஷம் ஆச்சு. அந்தப் பக்கம் யார் பேரு?

— தங்கச்சி பேருங்க.

— தங்கச்சி இதோ மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது! பொண்டாட்டி பேரையும் சேர்த்துத்தான் கல்லுல வெட்டறோம். உசுரோட இருக்கற வரைக்கும் சிவப்பு, கண்ணை மூடினாத்தான் தங்கம். இருபது வருஷமா இந்தக் குன்னுல பெயிண்ட் அடிக்கற, நான் உனக்குப் பாடம் எடுக்கணுமா? என் மருமகளைச் சாகடிச்சு வெச்சிருக்கியே, பாவி! ச்சோய், ச்சோய்! நான் சொன்னது காத்தோட போகட்டும்.

— அம்மா, வெயில் ஏறுது. முதல்ல ஊதுபத்தியை ஏத்துவோம்.

— நீ பேசாத பெக் ஹூன். உனக்கு எதுல பதறணும்னே தெரியாது. கல்லுல உன் சாவை எழுதி வெச்சிருக்கான், இவ வெயிலைப் பத்திப் பேசறா.

— பாருங்க தவுக்கேசோ, எனக்குச் சீன எழுத்து படிக்கத் தெரியாது. உருவத்தைப் பார்த்துத்தான் போடறது. கண்ணுல வேற புரை விழுந்திருக்கு. கை தவறிப் போச்சுன்னு வெச்சிக்குங்களேன்.

— போன வருஷம் தவறல. அதுக்கு முந்தின வருஷம் தவறல. இந்த வருஷம் மட்டும் எப்படித் தவறும்? குடிச்சிருந்தியா?

— அப்படியே வெச்சிக்குங்க.

— வெச்சிக்கவா? இடுகாட்டுக் கமிட்டிக்காரன் கீழ ஆபீஸ்லதான் இருக்கான். இப்பவே போய்ச் சொல்றேன். அடுத்த வருஷம் முன்னோரைக் கும்பிடற செங் பெங்குக்கு நீ இந்தக் குன்னுல கால் வைக்க முடியாது.

— அண்ணே, போதும். விடுங்க.

— தங்கச்சி, நீ உள்ள வராத. எனக்குத் திட்டு புதுசு இல்ல. காலையில கோப்பி குடிக்காம கூட இருந்திருக்கேன், திட்டு வாங்காம இருந்ததில்ல.

— என்ன கண்ணு ஜாடை, ரெண்டு பேருக்கும்? சரி, அதெல்லாம் அப்புறம். சிவப்பு டப்பாவைத் திற. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே பூசு. சீக்கிரம்!

— வேணாம் அண்ணே. திறக்காதீங்க.

— பெக் ஹூன்!

— அம்மா, அவர் மேல தப்பு இல்ல. நான்தான் பூசினேன். செவ்வாய்க்கிழமை.

— நீயா? என்ன உளறல்? செவ்வாய்க்கிழமை பல் டாக்டர்கிட்டப் போறேன்னு தானே போன?

— இங்கதான் வந்தேன். ஹார்ட்வேர் கடையில சின்ன டப்பா வாங்கிட்டு வந்தேன். பழக்கமில்ல, ரெண்டு இடத்துல வழிஞ்சிருச்சு. அண்ணன்தான் துணியில தொடச்சுக் குடுத்தாரு.

— நான் முதல்ல தடுத்துப் பார்த்தேன் தவுக்கேசோ. அப்புறம் அது முகத்தைப் பார்த்தேன். பேசாம ஏணியை நகர்த்திப் போட்டேன், வெயில் படாம இருக்கட்டும்னு ஒரு சாக்கையும் கட்டி விட்டேன்.

— ஐயோ, ஐயோ... என்னடி நெனச்சிருக்க? என் மகன் கூடப் போகணும்னா? அவன் போன துக்கத்துல நாப்பத்தொம்பது நாளும் நீ குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னேனே, தண்ணிச் சத்தம் கேட்குதா, கேட்குதான்னு. கத்தரிக்கோலை எல்லாம் அரிசி டின்னுல ஒளிச்சு வெச்சேன். ஒரு பிள்ளையைக் குடுத்தாச்சு. ரெண்டாவதையும் குடுன்னா நான் எங்க போவேன்? என்கிட்ட வேற யாரு இருக்கா?

— அம்மா, அழாதீங்க. இங்க உக்காருங்க. நான் சாகப் போகல. சாகணும்னா எதுக்கு மூணு நாள் யோசிச்சுக் கடையில போய் பெயிண்ட் வாங்கப் போறேன்?

— அப்ப எதுக்குடி?

— நாலு வருஷமா இங்க வர்றேன். ஒவ்வொரு தடவையும் என் பேரு சிவப்பா நின்னு என்னையே பார்க்குது. பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி. எப்ப வர்ற, எப்ப வர்றன்னு. எனக்கு நாப்பத்திரண்டு வயசு. இன்னும் நாப்பது வருஷம் இருந்தாலும் இருப்பேன். அத்தனை நாளும் நான் வாழணுமா, இல்ல காத்துக்கிட்டு நிக்கணுமா?

— அவனை மறந்துட்டியா, அப்ப?

— எப்படி மறப்பேன்? இன்னிக்கும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கறேன், அவர் மார்க்கெட்டுக்குப் போற நேரம்னு. எந்திரிச்சா செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. அவருக்குப் பிடிக்கும்னு முடியை வளர்த்தேன், இன்னும் வெட்டல. அவருக்குப் பிடிக்காதுன்னு ஜன்னலைத் திறக்கறதில்ல. யாராவது எப்படி இருக்கேன்னு கேட்டா சிரிக்கறேன். எல்லாம் பொய்யும்மா. அவர் இல்லாத வலியைத் தாங்கிக்கறேன். அவரோட பொண்டாட்டி மாதிரி நடிக்கறதைத்தான் தாங்க முடியல.

— நடிப்பா? நல்ல மருமகள்னு ஊரே சொல்லுது.

— ஊரு சொல்லுது. அந்த நல்ல மருமக, கோக் லெங் பொண்டாட்டி, அவர் போன அன்னிக்கே போயிட்டா. அவளுக்கு யாரும் ஒரு ஊதுபத்தி ஏத்தல, யாரும் அழல. அதான் நானே வந்து அவ பேரைத் தங்கமாக்கினேன். மிச்சம் இருக்கறது யாருன்னு இனிமேத்தான் பார்க்கணும்.

— தவுக்கேசோ, தண்ணி குடிங்க. வெயிலு மண்டையைப் பிளக்குது.

— தண்ணி கிடக்கட்டும்டா. நீ சொல்லுடி. பூசி முடிச்சதும் என்ன ஆச்சு? இடி விழுந்துச்சா? அவன் வந்து ஏதும் கேட்டானா?

— ஒண்ணும் ஆகல. படியில உக்காந்து அழுதேன், மூக்கு ஒழுக ஒழுக. அப்புறம் பசிச்சுது.

— பசிச்சுதா?

— அப்படி ஒரு பசி. கீழ போய் கொய்தியாவ் நூடுல்ஸ் வாங்கினேன், ரெண்டு தட்டு. நிறைய முளைப்பயிறு போடச் சொல்லி. வீட்டுல அவருக்கு அந்த வாசமே ஆகாது இல்ல? பதினாறு வருஷம் கழிச்சுத் தின்னேன். தின்னும்போதும் அழுதேன். ஆனா மிச்சம் வைக்கல.

— அதான் செவ்வாய்க்கிழமை ராத்திரி சோறு வேணாம்னியா? பல் வலின்னு நான் கஞ்சி வேற காய்ச்சி வெச்சேன்.

— கோவிச்சுக்காதீங்கம்மா. உங்களை விட்டுட்டு எங்கயும் போகல. கல்லுல இருந்துதான் இறங்கி வந்தேன், வீட்டுல இருந்து இல்ல.

— அந்தத் தண்ணியை இப்படிக் குடுடா, சன்னாசி.

— அம்மா? ஏதாவது சொல்லுங்க. திட்டறதுன்னாலும் திட்டுங்க.

— உன் மாமனார் போனப்ப எனக்கு முப்பத்தெட்டு. அடுத்த வருஷமே மரக்கடைக்காரன் ஒருத்தன் ஆள் விட்டுக் கேட்டான். நல்ல மனுஷன், சிரிச்சா கண்ணு மூடிக்கும். எனக்கும் பிடிச்சுது. கல்லுல பேரு எழுதியாச்சு, இனி என்னன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— இதை நீங்க யார்கிட்டயும் சொன்னதில்லையே!

— யாரு கேட்டா? சன்னாசி, கீழ் வரிசையில என் புருஷன் கல்லு இருக்கு. அதுல என் பேருக்கு நீ வருஷா வருஷம் சிவப்பு பூசற, இல்ல?

— ஆமாங்க. இந்த வருஷம் இன்னும் பூசல. இனிமேத்தான்.

— பூசாத. இவ வாங்கின தங்கத்துல மிச்சம் இருக்கா?

— அரை டப்பா இருக்குங்க. ஆனா...

— அம்மா! உங்களுக்கு எழுபது ஆகப் போகுது!

— அதனாலதான்டி அவசரம். ஏணியைத் தூக்கு.