மேற்கு வாசலில் ஆள் இல்லை

— கேட்டப் புடிச்சு உலுக்காதீக, நர்சம்மா. ஆறு மணிக்குப் பூங்காவப் பூட்டுனா பூட்டுனதுதான். ராசா காலத்துச் சட்டம்.

— காத்து வாங்கவா வந்திருக்கேன், சேவுகண்ணே? எங்க துரை நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து வீடு வரல. உள்ளதான் எங்கயோ பதுங்கிக் கெடக்கான். ஒரே ஒரு தரம் கூப்புட்டுப் பாத்துட்டுப் போயிடறேன்.

— மத்தியானம் முனிசிபாலிட்டி ஆளுக ரெண்டு பேரு சுருக்குக் கம்போட வந்தாக. புதர் புதராத் தேடிட்டுப் போனாக.

— கெடைச்சானா?

— கெடைக்கல.

— மாதாவே! கண்டா அடிச்சுப் போடச் சொல்லி உத்தரவாமே?

— பிள்ளையக் கடிச்ச நாயி. பின்ன மாலை போட்டா கூட்டிட்டுப் போவாக?

— எட்டு வருசமா நீங்களே பாக்குறீங்களேண்ணே. ஒருத்தரப் பாத்துக் கொரைச்சிருப்பானா? கோட்டைப்பட்டினத்துலேர்ந்து தன்னந்தனியா இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவ நான். கதவத் தொறந்தா எதிர்ல ஓடி வர்றதுக்கு அவன் ஒருத்தன்தான். அப்படி இருந்தும், நாயி ஆகாதுன்னு நீங்க சொன்னதுக்காக ஒரு நாளாவது உள்ள கூட்டிட்டு வந்திருக்கேனா? வெளிய வேப்பமரத்துல கட்டிப்போட்டுட்டுத்தானே ரெண்டு சுத்து நடப்பேன்? நேத்துக் கயிறு இத்துப்போயி இருந்திருக்கு. அத்துக்கிட்டு மேற்கு வாசல் வழியா நுழைஞ்சுட்டான்.

— அங்கிட்டு ஆளு இல்ல. நொழையத்தான் செய்யும்.

— அதத்தான் நானும் சொல்றேன்.

— நீங்க நேத்து நடந்ததச் சொல்றீக. நான் பத்து வருசமா நடக்குறதச் சொல்றேன். ராசா காலத்துல இந்தப் பூங்காவுக்கு நாங்க ஆறு பேரு. காக்கித் தலப்பா, நெஞ்சுல பித்தள வில்லை. விசில வாயில வச்சாலே போதும், பூவுக்கு நீட்டுன கையி முதுகுக்குப் பின்னால போயிரும். சமஸ்தானம் போனதுக்கப்புறம் ஒருத்தர் ஒருத்தரா வயசாகிப் போனாக. போன எடத்துக்கு ஆளு போடல. இப்ப நான் ஒருத்தன். இங்கிட்டு ஊதுனா அங்கிட்டு ஆட்டப் பத்தி விடுறாக. அங்கிட்டு ஓடுனா இங்கிட்டுச் சீட்டாடுறாக. வார மாசம் என்னையும் தெருவிளக்குப் பக்கம் மாத்திருவாகளாம். “அதான் எழுதிப் போர்டு வச்சிருக்கே, ஆளு எதுக்கு?”ன்னு கேக்குறாரு புது ஆபீசரு.

— போர்டுக்குக் கண்ணா இருக்கு?

— “வாலப் புடிச்சு இழுக்காதத்தா”ன்னு சொல்ல வாயும் இல்ல.

— வாலப் புடிச்சா இழுத்துச்சு அந்தப் பிள்ளை? நீங்க பாத்தீங்களா?

— பாக்கல. கெழக்கு வாசல்ல நின்னேன். சத்தங் கேட்டு ஓடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. பிள்ளையேதான் சொல்லிச்சு. சரி, நர்சம்மா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. வந்ததுலேர்ந்து நாயி நாயின்னே பேசுறீக. பிள்ளை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?

— ஒங்களக் கேக்கலண்ணே. ஆஸ்பத்திரியில கேட்டுட்டுத்தான் வாரேன். ராத்திரி பூரா பிரசவ வார்டுல டூட்டி. விடிஞ்சதும் கட்டுக் கட்டுற ரூமுக்கு ஓடுனேன். கெண்டைக்கால்ல ரெண்டு பல்லு பதிஞ்சிருக்கு, சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டியாச்சுன்னு கம்பவுண்டர் சொன்னாரு. எந்தத் தெரு, யாரு பிள்ளைன்னு அவருக்குத் தெரியல. யாரோ ஒரு ஆளு தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடி வந்தாராம், அவ்வளவுதான்.

— ம்.

— துரை மேல எனக்குப் பாசம்தான், இல்லேங்கல. ஆனா இப்ப அவனத் தேடுறது அந்தப் பிள்ளைக்காகவுந்தான். கடிச்ச நாயி பத்து நாளு உசுரோட நல்லா இருந்துச்சுன்னா பிள்ளைக்கு ஊசியே வேணாம். அடிச்சுப் போட்டுட்டா, வெறி இருந்துச்சா இல்லையான்னு யாரு சொல்றது? பதினாலு ஊசி போட்டாகணும். தொப்புளச் சுத்தி, நாளைக்கு ஒண்ணு. நான் போட்டிருக்கேண்ணே. நாலு பேரு அமுக்கிப் புடிச்சுக்குவாங்க. அது போடுற சத்தத்தக் கேட்டுட்டு வந்து அந்தக் கையால சோறு திங்க முடியாது.

— டாக்டரும் அதத்தான் சொன்னாரு.

— யாருகிட்ட சொன்னாரு?

— அத விடுங்க. நாயி கெடைச்சா எங்க வச்சுக் காப்பாத்துவீக? ஒங்க வீட்டுக்குத்தான மொதல்ல வருவாக?

— காலையிலயே வந்து கட்டிலுக்கு அடியில வரைக்கும் பாத்துட்டாங்க. நாளைக்கு நானே ஆபீசரப் பாக்கப் போறேன். நாயி என்னுது, கயித்தக் கவனிக்காம விட்டது நான், வாட்ச்மேன் மேல குத்தமில்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்.

— எம் மேல குத்தமில்லன்னா எழுதப் போறீக?

— ஆமா. ஒரு ஆளு ரெண்டு வாசல்ல எப்படி நிக்க முடியும்?

— இத்தன வருசத்துல அப்படி ஒருத்தர் கேட்டதில்ல. இருங்க, பூட்டத் தொறக்குறேன். சத்தம் போடாம வாங்க. துரை கொட்டாயில இருக்கான்.

— அண்ணே!

— மம்பட்டி, பூவாளியெல்லாம் போட்டு வக்கிற கொட்டாயி. நேத்தே சங்கிலி போட்டுக் கட்டிட்டேன்.

— தேட வந்தவங்க அதத் தொறந்து பாக்கலியா?

— ஒரு நாய உள்ள விடாம இருபது வருசமா மல்லுக்கு நின்னவன் நான். எங் கொட்டாயில நாயி இருக்கும்னு எவன் நெனைப்பான்? “இங்க இல்ல சார்”ன்னேன், நம்பிட்டுப் போயிட்டாக. உத்தியோகத்துல சொன்ன மொதப் பொய்யி.

— தண்ணி குடிக்கிறானா? அதச் சொல்லுங்க மொதல்ல.

— ரெண்டு சட்டி குடிச்சான். சோறும் தின்னான். இன்னம் ஒம்பது நாளு. நாளு முடிஞ்சதும் நீங்க கூட்டிட்டுப் போயிருங்க. நான் ஆபீசர்கிட்ட நடந்ததச் சொல்லிக்கிறேன். சீட்டக் கிழிச்சா கிழிக்கட்டும்.

— இம்புட்டும் நீங்க எதுக்குண்ணே செய்யணும்? சரி, ஒங்களுக்கு அப்புறமாக் கும்புடு போடுறேன். அந்தப் பிள்ளை வீடு ஒங்களுக்குத் தெரியும்போல இருக்கு. என்னையக் கூட்டிட்டுப் போங்க. அதப் பெத்தவங்க கால்ல விழாம எனக்குத் தூக்கம் வராது.

— காலுல கீலுல விழுகாதீக. கொட்டாய்ச் சன்னலுக்கு வெளிய, கட்டுப் போட்ட கால நீட்டிக்கிட்டு ஒருத்தி நாயிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கா பாருங்க, அது எம் மக செவந்தி.