திறக்காத அனுமதி

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருகிறவனுக்கு முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை, ஐயா. பெருமாநல்லூரில் அந்தப் பனியன் கம்பெனியில் வெகுநாள் எனக்கு அது கிடைத்தது. எது மக்கர் செய்தாலும் அருள்குமாரைக் கூப்பிடு என்பார்கள். நிர்மலா ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்த பிறகு சின்னக் கோளாறுகளை அவளே சரிசெய்துவிட்டாள். "இனி அருளை எதுக்குக் கூப்படோணும், நிர்மலாவே பாத்துக்குது" என்று முதலாளி என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

கம்பெனி விடுதியில் தெற்கத்திப் பெண்கள் தங்கியிருந்தார்கள். நிர்மலா தன் கம்ப்யூட்டரில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே 'அனுமதி' என்று மாற்றி, அது கேட்டில் இருக்கும் திரையில் வந்தால்தான் வாட்ச்மேன் வெள்ளையன் அவளை வெளியே விடக் கேட்டைத் திறப்பார். வாய்வார்த்தையை நம்பித் திறந்த பழைய வாட்ச்மேனுக்கு அன்றே வேலை போயிருந்தது.

அந்தப் பெயர்ப் பட்டியல் சர்வரில் ஒரு டேபிளாக இருந்தது. ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் பிரைமரி கீ அதில் உண்டு. அதை எடுத்துவிட்டு இணைப்பைப் புதுப்பித்தால், நிர்மலாவின் திரையில் பட்டியல் முழுதும் தெரியும், ஆனால் அவளால் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. ஒரு சனிக்கிழமை அதைச் செய்தேன். கொஞ்சம் திணறட்டும் என்றுதான்.

மறுநாள் மத்தியானம் போன் செய்தாள். முதலாளி உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லையாம். "சித்ராதேவிங்கற புள்ள வயித்துவலில துடிக்குதுங்கண்ணா. அனுமதி மாத்த முடியலீங்க. வெரசா வாங்க."

போனேன். டீ கேட்டேன், வரவழைத்தாள். ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. அந்தப் பெண் உள்ளே சுருண்டு கிடந்தாள்.

"தெறந்து விடுங்கய்யா, செத்துருவேன்."

"கம்ப்யூட்டர்ல வரட்டும் கண்ணு" என்றார் வெள்ளையன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

கீயைத் திரும்ப வைப்பது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. நான் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். வைரஸ் தேடினேன். சர்வரை அணைத்துப் போட்டேன்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கண்ணா, நீங்கதான் பாக்கோணும்" என்று நிர்மலா அழுதாள். கேட்க இதமாக இருந்தது. இன்னொரு முறை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொன்னாள். முதலாளியிடமும் இதைச் சொல்வாயா என்று கேட்டேன். சொல்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது. வெளியே சத்தம் இல்லை. வலி குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கீயை வைத்தேன். அனுமதி ஏறியது, கேட் திறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஆட்டோவில் உயிர் போய்விட்டது. குடல்வால் வெடித்திருந்ததாம். மத்தியானமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

நிர்மலாவை விட்டுவிடுங்கள். கீயை எடுத்தவன் நான், தெரிந்தே தாமதித்தவனும் நான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அத்தனை பேர் இருந்த கம்பெனியில், கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் கேட்டைத் திறக்க வழி செய்தவன் நான் ஒருவன்தான்.