மூன்றாவது தடவையும் காலியாக வந்தால்

— திரும்பவும் காலியாப் போயிருக்குடி! ரெண்டாவது தடவை!

— அம்மா, மெதுவா. எது காலியாப் போச்சு?

— ஃபார்ம்! அந்த பிடிஎஃப் ஃபார்ம்! கட்டம் கட்டமா உக்காந்து அடிச்சு, சேவ் பண்ணி, மெயில்ல அனுப்பினா... "பேர் கூட இல்லையேம்மா, வெறும் கட்டம்தான் இருக்கு"ன்னு ஆபீஸ்லேர்ந்து போன் பண்றாங்க!

— எந்த ஆபீஸ்? என்ன ஃபார்ம்?

— ...பதிவு ஆபீஸ். கல்யாணப் பதிவு.

— யாருக்குக் கல்யாணம்?

— என் கூட வேலை பாக்குறாளே... பல் செட்டுக்கு மெழுகு வார்ப்பாளே, அவளுக்கு. அவ வீட்ல கம்ப்யூட்டர் இல்ல. நான் அடிச்சுத் தர்றேன்னு வாயக் குடுத்துட்டேன்.

— ஓ...

— என்ன ஓ? இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள போகணும்! மூணாவது தடவையும் காலியா வந்தா விண்ணப்பத்தையே தள்ளிடுவோம், அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுதான்னுட்டாங்க. மணி என்ன இப்போ?

— பதினொண்ணு பத்து. மூணு மாசம்தானே, என்ன குடி முழுகிடும்?

— மூணு மாசமா! நாலு வருஷமா யோசிச்சு இப்பத்தான் தலையாட்டியிருக்கா. இன்னிக்கு விட்டா மறுபடி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டா. எனக்குத் தெரியாதா அவள!

— சரி சரி, அழாத.

— யாரு அழறா? நீ விண்டோஸை எடுத்துட்டு இந்த லினக்ஸைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்த அன்னிக்கே நினைச்சேன்...

— பத்து வருஷத்து டப்பா அது. லினக்ஸ் போட்டதாலதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. குத்தம் சொல்றதை அப்புறம் வச்சுக்கோ. ஃபார்ம் இப்ப திறந்திருக்கா?

— திறந்திருக்கு. அதுதான்டி வயித்தெரிச்சல்! இங்க பாத்தா எல்லாம் பளிச்சுனு இருக்கு. மூடித் திறந்தேன், இருக்கு. கம்ப்யூட்டரையே அணைச்சுப் போட்டேன், அப்பவும் இருக்கு!

— ஆஹா!

— என்னடி ஆஹா?

— பிடிச்சுட்டேன்னு நினைக்கிறேன்! இரு, ஒரு சோதனை. அந்த ஃபைலை ஒரு காப்பி எடு. காப்பிக்கு வேற பேர் வை.

— என்ன பேர் வைக்க?

— ஏதோ ஒண்ணு.

— "ஏதோ ஒண்ணு"... வச்சாச்சு.

— அதையே அடிச்சியா? உன்னை வச்சுக்கிட்டு... சரி, அந்தக் காப்பியைத் திற.

— திறக்குது... திறக்குது... ஐயையோ! போச்சு! எல்லாம் போச்சுடி! மொட்டையா நிக்குது!

— சூப்பர்!

— சூப்பரா? நீ எனக்குப் பொண்ணா, விரோதியா?

— பயப்படாத. பழைய பேர்ல இருக்குறதைத் திற. எல்லாம் இருக்கும் பாரு.

— ...இருக்கு! அடேயப்பா, எல்லாம் இருக்கு! என்ன மாயம் இது?

— மாயமெல்லாம் இல்ல. நீ ஃபார்மைத் திறக்குறது பழங்காலத்துப் புரோகிராம். நீ அடிச்சதை அது ஃபைலுக்குள்ள எழுதவே இல்ல. தனியா ஒரு நோட்டு போட்டு எழுதி வச்சுக்குது. இந்தப் பேர்ல ஃபைல் வந்தா இந்தப் பதிலைக் காட்டுன்னு. ஃபைல் மெயில்ல போச்சு, நோட்டு வீட்லயே நின்னுடுச்சு.

— அப்ப நான் ரெண்டு நாளா வெறும் பேப்பரையா அனுப்பிட்டு இருந்தேன்?

— ரெண்டு நாளாவா? ஒரு வார்த்தை என்கிட்ட கேக்குறதுக்கு என்ன?

— அது... நீ வேலையா இருப்பன்னு... அதை விடு! இப்ப என்ன செய்யணும், சொல்லு!

— பிரிண்ட் குடு.

— பிரிண்டருக்கு எங்கடி போவேன் நான்?

— பிரிண்டர் வேண்டாம்மா. எந்தப் பிரிண்டர்னு கேக்குற பட்டியல்ல கடைசில பிடிஎஃப் ஃபைலா அச்சடிக்கிறதுக்கு ஒண்ணு இருக்கும். அதைத் தொட்டா பேப்பருக்குப் பதிலா புது ஃபைல் ஒண்ணு வரும். கட்டமும் நீ அடிச்ச எழுத்தும் ஒண்ணாச் சேர்ந்து கெட்டியாயிடும்.

— பல் செட்டு அச்சுல மெழுகை எடுத்துட்டு பிளாஸ்டிக் ஊத்துற மாதிரி.

— அதேதான்! அப்புறம் யாரு நினைச்சாலும் கழட்ட முடியாது.

— குடுத்துட்டேன். எங்க போய் உக்காந்துச்சுன்னே தெரியலையே... ஆ, இந்தா இருக்கு! வந்துடுச்சுடி! வந்து... ஒரு பக்கம்தானே இருக்கு? ஃபார்ம் மூணு பக்கமாச்சே!

— "இந்தப் பக்கம் மட்டும்"ங்கிறதுல டிக் இருக்கும். "எல்லாப் பக்கமும்"னு மாத்திட்டு மறுபடி குடு.

— ஒண்ணு விட்டா ஒண்ணு... இரு, தேடுறேன்.

— நீ தேடு, நான் கேக்குறேன். உன் கூட்டாளிக்கு வயசு என்ன?

— அம்பத்திமூணு.

— அட! மாப்பிள்ளைக்கு?

— அம்பத்தேழு. பாத்தா சொல்லவே மாட்ட. நாலு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது.

— நீ பாத்தியா?

— ...அவ சொன்னா!

— என்ன வேலை பாக்குறாராம்?

— லிஃப்ட் ரிப்பேர்.

— நம்ம பில்டிங் லிஃப்டைப் பாக்க ஒருத்தர் வருவாரே, அவரை மாதிரியா?

— உலகத்துல ஒரே ஒரு லிஃப்ட்தான் இருக்கா? போலீஸ் மாதிரிக் கேள்வி கேக்காத! கிடைச்சுடுச்சு, மாத்திட்டேன்... வந்துடுச்சு! மூணு பக்கமும் வந்துடுச்சு!

— வாவ்! அந்தப் புது ஃபைலைத் திறந்து பாரு. டிக் எல்லாம் விழுந்திருக்கா? முந்தைய நிலைன்னு ஒரு வரி இருக்கணும்.

— இருக்கு.

— எதுல டிக்?

— ...கணவர் இறந்தவர்.

— ம்.

— ஒம்பது வருஷம் ஆச்சு, அவளுக்கு.

— பிள்ளைங்க?

— ஒரே பொண்ணு. வெளியூர்ல வேலை.

— பொண்ணுக்குத் தெரியுமா?

— தெரியாது. என்னன்னு சொல்லுவா? சொல்லிடணும்னு போனை எடுப்பா, வேற ஏதாவது பேசிட்டு வச்சிடுவா. அப்பா இருந்த இடத்துல இன்னொருத்தரான்னு அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை கேட்டுட்டா இவ தாங்க மாட்டா. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கா.

— முடிஞ்சப்புறமா?

— ஏன், அந்தப் பொண்ணு திட்டுவாளா?

— கண்டிப்பாத் திட்டுவா.

— அது இருக்கட்டும். மணி பதினொண்ணு நாப்பது. ஆபீஸுக்கு அனுப்பிடவா?

— நில்லு! அவசரப்படாத! இதுவும் காலியாப் போனா அவ்வளவுதான்னு சொன்னல்ல? வேற மிஷின்ல ஒருத்தர் திறந்து பாக்கணும். எனக்கு அனுப்பு.

— உனக்கா? ஐயோ, வேண்டாம்!

— ஏன்?

— அடுத்தவங்க விஷயம்டி. அவ என்ன நினைப்பா?

— அப்ப உன் போன்லயே திறந்து பாரு.

— பட்டன் போன்ல என்னத்தைத் திறக்குறது? கிண்டலா?

— வேற யாருக்காவது அனுப்பேன்.

— இதை யாருக்குடி அனுப்புவேன்? பேரை மட்டும் மறைச்சு உனக்கு அனுப்பலாமா?

— பேரை மறைச்சா, பேர் வந்திருக்கான்னு எப்படிப் பாக்குறது?

— இங்கதான் பளிச்சுனு தெரியுதே, போதாதா?

— முன்னாடியும் அங்க பளிச்சுனுதானே தெரிஞ்சுது?

— ...ஆமா.

— நாப்பத்திரண்டு ஆச்சும்மா.

— யோசிக்க விடு.

— நாப்பத்திமூணு.

— எண்ணாதடி!

— நான்தானேம்மா? அனுப்பு.

— இந்தா... அனுப்பிட்டேன்.

— வந்துடுச்சு. திறக்குறேன்.

— படிக்காத. எழுத்து விழுந்திருக்கான்னு மட்டும் பாத்துட்டு மூடிடு.

— விழுந்திருக்கும்மா. பேர், பிறந்த தேதி, நம்ம வீட்டு விலாசம்... எல்லாம் அழகா விழுந்திருக்கு.

— அது வந்து... மெழுகு வார்க்கிறவளுக்குன்னு சொன்னேன்ல...

— ஒரே ஒரு கட்டம் காலியா இருக்கு.

— காலியா? திரும்பவுமா? எது? எது காலி?

— ரெண்டாவது சாட்சி.

— ...அது கம்ப்யூட்டர் பண்ணின தப்பு இல்ல. நான்தான் எழுதல. ஒருத்திகிட்ட கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. நாக்கு எழும்பல.

— காலியா விட்டா தள்ளிடுவாங்கம்மா.

— தெரியும். கூட வேலை பாக்குறவ பேரையே போட்டுடுறேன். உனக்கு... உனக்குக் கோபமாடி?

— கோபம்தான்! போன மாசமே நம்ம லிஃப்டைப் பாக்க வர்றவர் என் ஆபீஸுக்கு வந்து, "நீ வேண்டாம்னு சொன்னா நான் ஒதுங்கிக்கிறேன்"னு கைகட்டி நின்னார். நான் அங்கேயே அழுதுட்டேன். சரின்னு சொல்லி, அம்மா அவங்க வாயால சொல்ற வரைக்கும் நமக்குள்ளேயே இருக்கட்டும்னேன். நீயானா எவளோ மெழுகு வார்க்கிறவளுக்குக் கல்யாணம்ங்கிற! அந்த நோட்டு பழைய பேருக்கு மட்டும்தான்; புதுப் பேர்ல வந்த ஃபைல்ல எழுத்து உன் கண்ணுக்குத் தெரிஞ்சப்பவே எல்லாம் சரியாயிடுச்சும்மா, எனக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்ல... நீயா எனக்குக் காட்டணும்னுதான் அடம் பிடிச்சேன். பழைய ஃபைலைத் திற, அந்தக் கட்டத்துல என் பேரை அடி, மறுபடி பிரிண்ட் குடுத்து அனுப்பு. சீக்கிரம்மா, இன்னும் பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு!